'இன்டென்ச்சர்' என்ற சொல்லைப் படிப்படியாகப் பழகுவது: டர்பன் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென் ஆப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில், ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பிறந்ததும் யாராவது ஒரு பிள்ளை இந்தக் கேள்வியோடு வந்துவிடும்: "சார், இன்டென்ச்சர்னா தமிழ்ல என்ன?" நவம்பர் 16 நம் மக்கள் இந்த மண்ணில் இறங்கிய நாள் என்பதால், பள்ளியில் கட்டுரை எழுதச் சொல்லியிருப்பார்கள். முன்பெல்லாம் "ஒப்பந்தம்" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அது தப்பில்லை, ஆனால் போதாது. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுப்பதும் ஒப்பந்தம்தான், கைப்பேசிக்கு மாதச் சந்தா கட்டுவதும் ஒப்பந்தம்தான். நம் கொள்ளுத் தாத்தாக்களைக் கப்பலேற்றிய காகிதத்துக்கு ஏன் ஆங்கிலத்தில் தனியாக ஒரு பெயர் இருக்கிறது என்பதற்கு அந்தப் பதிலில் ஒன்றும் இல்லை.

அதனால் இந்தச் சொல்லை அடியிலிருந்து சொல்லித் தருகிறேன். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு தாளும் கத்தரிக்கோலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் படியில் வேண்டியிருக்கும்.

முதல் படி: வாயில் சரியாக வரட்டும்

மூன்று அசைகள்: இன், டென், ச்சர். அழுத்தம் நடுவில், 'டென்' மேல் விழ வேண்டும். 'இன்டென்ட்யூர்' என்று கடைசியை நீட்ட வேண்டாம். 'அட்வென்ச்சர்' என்று சொல்ல வருகிறதா? அதே ஓசைதான். வாலை அப்படியே கொண்டுவந்து ஒட்டுங்கள், முடிந்தது.

இரண்டாம் படி: தாளை வெட்டிப் பாருங்கள்

இந்தச் சொல்லுக்குள் பல் இருக்கிறது. லத்தீனில் பல்லுக்கு 'டென்ஸ்' என்று பெயர். அதிலிருந்து பல் பல்லாக வெட்டுவதைக் குறிக்கும் சொல் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சட்டத்துக்கும் பல்லுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து பார்ப்பது எளிது.

தாளின் மேல் பாதியில் ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். "நான் உனக்குப் பத்து மாம்பழம் தருவேன், நீ எனக்கு ஒரு மாதம் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்" என்பது போல எதுவானாலும் சரி. கீழ்ப் பாதியில் அதையே எழுத்து மாறாமல் இன்னொரு முறை எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் வெறுமையாக இருக்கட்டும். அந்த இடைவெளியில் கொட்டை எழுத்தில் ஏதாவது ஒரு சொல் எழுதுங்கள். இப்போது அந்தச் சொல்லை ஊடறுத்து, ரம்பப் பல் போலக் கோணல்மாணலாக வெட்டுங்கள். ஒரு பாதி உங்களிடம், மறு பாதி எதிராளியிடம்.

அடுத்த மாதம் அவர் வந்து, "நீ இருபது மாம்பழம் தருவதாக அல்லவா எழுதிக் கொடுத்தாய்" என்று வேறொரு தாளை நீட்டினால் பயப்பட வேண்டியதில்லை. உங்கள் பாதியைக் கொண்டுவந்து பக்கத்தில் வையுங்கள். பல்லோடு பல் கடித்துக்கொண்டு, நடுவில் வெட்டுப்பட்ட எழுத்துகள் ஒன்று கூடினால் அது உண்மையான பத்திரம். கூடாவிட்டால் போலி. ஒரே மாதிரி வெட்டை இரண்டாவது தடவை யாராலும் வெட்ட முடியாது.

இடைக்கால இங்கிலாந்தில் தோல் ஏடுகளில் இதைத்தான் செய்தார்கள். நடுவில் எழுதும் சொல் பெரும்பாலும் 'கைரோகிராஃப்' என்பதாக இருக்கும், கையெழுத்து என்று பொருள். மூன்று தரப்பு இருந்தால் மூன்றாக வெட்டுவார்கள்.

என் வகுப்பில் இதைச் செய்தபோது ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கேட்டது எனக்கு மறக்கவில்லை: "அப்ப படிக்கத் தெரியாதவங்களும் கண்டுபிடிச்சிடலாம், இல்ல சார்?" உண்மைதான். எழுத்து தெரியாதவனுக்கும் இரண்டு விளிம்பு பொருந்துகிறதா இல்லையா என்று பார்க்கக் கண் இருக்கிறது. இந்த வெட்டின் அருமையே அதுதான். அவன் கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

பல் வெட்டு வைத்த பத்திரத்துக்கு எதிர்ப்பதமும் ஆங்கிலத்தில் உண்டு. 'டீட் போல்' என்பார்கள். ஒரே ஒருவர் எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது. பொருத்திப் பார்க்க மறு பாதி கிடையாது, அதனால் விளிம்பை நேராக வெட்டிவிடுவார்கள். 'போல்' என்றால் மழித்தது. நம் வழக்கில் மொட்டைப் பத்திரம் என்றே வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் இன்றும் பெயரை மாற்றிக்கொள்கிறவர்கள் 'டீட் போல்' வழியாக மாற்றினேன் என்றுதான் சொல்கிறார்கள்.

காலப்போக்கில் வெட்டு மறைந்தது, பெயர் மட்டும் நின்றது. விளிம்பில் பல் வெட்டாவிட்டாலும் 'இன்டென்ச்சர்' என்று சொல்லும் பத்திரம் செல்லும் என்று 1845-ல் இங்கிலாந்தில் சட்டமே வந்துவிட்டது. 1860-ல் மதராஸில் நம் ஆட்களின் முன்னால் வைத்த காகிதத்தை இந்தத் தேதியோடு சேர்த்துப் பாருங்கள். அதில் பல் இல்லை.

மூன்றாம் படி: நம் ஊர்க் கதையில் வைத்துப் பாருங்கள்

சுந்தரர் கதை தெரியாத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. புத்தூரில் கல்யாணப் பந்தல். தாலி கட்டுகிற நேரத்தில் ஒரு கிழவர் வந்து நிற்கிறார். "இவன் என் அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. அங்கே கிழவர் அலட்டிக்கொள்ளாமல், "அவன் கிழித்தது படி ஓலை, மூல ஓலை இதோ" என்று இன்னொன்றை எடுக்கிறார். பாட்டன் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் கொண்டுவரச் செய்து, இரண்டையும் ஒப்பு நோக்கி, கையெழுத்து ஒன்றுதான் என்று சபையார் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

கதையின் பக்தியை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்துப் பத்திரத்தை மட்டும் பாருங்கள். ஓர் ஆள் இன்னோர் ஆளுக்கு உழைக்க எழுதிக் கொடுத்த ஆவணம். இரண்டு பிரதிகள். சந்தேகம் வந்தால் ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்து மெய்ப்பிப்பது. ஆங்கிலேயர் பல் வெட்டில் செய்த வேலையை நம் சபையார் கையெழுத்தில் செய்தார்கள்.

ஒரு பெரிய வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். அந்த ஓலை வழிவழி வருகிறவர்களையும் கட்டும். 'இன்டென்ச்சர்' அப்படிக் கட்டாது. அதற்கு முதல் நாளும் கடைசி நாளும் உண்டு. "நாங்க அடிமை வம்சமா சார்?" என்று பிள்ளைகள் கேட்கும்போது நான் இங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

நான்காம் படி: இன்று இந்தச் சொல் எங்கெல்லாம் புழங்குகிறது

முதலில் நிலப் பத்திரம். சென்னையில் உறவினர் வைத்திருக்கும் பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், 'திஸ் இன்டென்ச்சர்' என்று பெரிய எழுத்தில் தொடங்குவதைப் பார்க்கலாம். அங்கே பொருள் வெறும் 'இந்தப் பத்திரம்' என்பதுதான்.

அடுத்தது தொழில் பழகுதல். ஐரோப்பாவில் ஒரு பையனைத் தச்சரிடமோ அச்சகத்திலோ விட்டால், அவன் இத்தனை ஆண்டு உழைப்பான், முதலாளி அவனுக்குத் தொழில் சொல்லித் தருவார் என்று எழுதிக்கொள்வார்கள். இந்த இடத்தில் சொல் பெரும்பாலும் பன்மையில் வரும்: 'ஹிஸ் இன்டென்ச்சர்ஸ்'. ஒரே ஆளுக்கு ஒரே ஒப்பந்தமாக இருந்தாலும் பன்மைதான். மூக்குக் கண்ணாடியை ஆங்கிலத்தில் பன்மையில் சொல்வது போல.

மூன்றாவது பணச் சந்தை. ஒரு நிறுவனம் கடன் பத்திரம் வெளியிட்டால், வட்டி எவ்வளவு, எப்போது திருப்பித் தரும், தராவிட்டால் என்ன ஆகும் என்ற நிபந்தனைகளையெல்லாம் அடக்கிய மூல ஆவணத்துக்கு அமெரிக்காவில் 'பாண்ட் இன்டென்ச்சர்' என்று பெயர். 1939-ல் அங்கே இதற்கென்றே 'டிரஸ்ட் இன்டென்ச்சர் ஆக்ட்' என்று ஒரு சட்டம் வந்தது. பொருளாதாரச் செய்தியில் இந்தச் சொல் வந்தால் கரும்புத் தோட்டத்தை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

நான்காவதுதான் நம்முடையது, வேலைக்காகக் கடல் கடந்தவர்களின் ஒப்பந்தம். நமக்கும் முன்னால், 17-ம் நூற்றாண்டிலேயே, கப்பல் கட்டணம் கட்ட வழியில்லாத ஆங்கிலேய ஏழைகள் இத்தனை ஆண்டு உழைக்கிறோம் என்று எழுதிக் கொடுத்து வர்ஜீனியாவுக்குப் போனார்கள். 1834 முதல் மொரிஷியஸுக்கு இந்தியர்கள் போனதும் இதே வழியில். பக்கத்து ரீயூனியன் தீவில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் அப்படி வந்தவர்களை 'அங்கஜே' என்பார்கள். பெயர் வேறு, ஏற்பாடு ஒன்றுதான்.

ஐந்தாம் படி: வாக்கியத்தில் வைக்கும் முறை

கட்டுரைகளைத் திருத்தும்போது நான் அதிகம் சிவப்பு மை செலவழிக்கும் இடம் இது. 'இன்டென்ச்சர்' என்பது காகிதத்தின் பெயர், அல்லது அந்த ஏற்பாட்டின் பெயர். ஆளின் பெயர் அல்ல. 'என் தாத்தா ஓர் இன்டென்ச்சர்' என்று எழுதக் கூடாது. ஆளைக் குறிக்க வேண்டுமானால் 'இன்டென்ச்சர்டு' என்று மாற்றிப் பின்னால் 'லேபரர்', 'வொர்க்கர்' என்று ஏதாவது சேர்க்க வேண்டும். 'இன்டென்ச்சர்டு ஸ்லேவ்' என்றும் எழுதாதீர்கள். நடத்தப்பட்ட விதம் அடிமையை நடத்துவது போல இருந்தது என்று தாராளமாக எழுதலாம், அது உண்மையும்கூட. ஆனால் இரண்டும் சட்டத்தில் வேறு வேறு நிலைகள். ஒட்டி எழுதினால் இரண்டையும் பற்றிச் சொல்ல வந்தது கெட்டுப்போகும்.

இந்தப் பெயர்ச்சொல் கூடவே கூட்டி வரும் வினைச்சொற்களைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்துக்குள் நுழைந்தால் 'சைன்'. அதன்கீழ் வந்தால் 'அண்டர் இன்டென்ச்சர்'. காலத்தை உழைத்துக் கழித்தால் 'சர்வ்'. வேறு முதலாளிக்கு மாற்றினால் 'டிரான்ஸ்ஃபர்'. நடுவில் நீக்கினால் 'கேன்சல்'. உதாரணத்துக்கு, கப்பலில் வந்த இந்தியரில் கடைசியாக ஃபிஜியில் மிஞ்சியிருந்தவர்களின் இன்டென்ச்சர்கள் 1920 ஜனவரி 1-ல் கேன்சல் செய்யப்பட்டன. அதன்கீழ் வேலை செய்தவர்கள் அன்று விடுதலையானார்கள்.

ஒருமையில், முன்னால் எந்தச் சுட்டும் இல்லாமல் 'இன்டென்ச்சர்' என்று மட்டும் வந்தால் அந்த முறை முழுவதையும் குறிக்கும். வரலாற்று நூல்களில் இப்படித்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

ஆறாம் படி: குழப்பும் உறவினர்கள்

'டென்ச்சர்' என்றால் பல்செட். கூடப்பிறந்தது, அதே பல். 'டிபென்ச்சர்' ஓசையில் மட்டும்தான் ஒற்றுமை. அது கடன்பட்டிருப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, பல்லோடு உறவில்லை. பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ளி எழுதுவதும் 'இன்டென்ட்'தான், விளிம்பில் ஒரு பல் விழுந்தது போல.

தமிழ்நாட்டு உறவுகளோடு பேசுகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே அரசு ஆஸ்பத்திரியிலோ ஆபீசிலோ "மருந்துக்கு இன்டென்ட் போட்டாச்சா?" என்று கேட்பார்கள். ஸ்டோரிலிருந்து பொருள் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான், கும்பினிக் காலத்து ஆங்கிலத்திலிருந்து தமிழ்ப் பேச்சில் வந்து தங்கிவிட்டது.

ஏழாம் படி: நேட்டாலில் இந்தச் சொல் என்ன செய்தது

இங்கே கொஞ்சம் நின்று போவோம். 1860 அக்டோபரில் மதராஸிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல், நவம்பர் 16 அன்று டர்பன் துறைக்கு வந்தது. அதில் 342 பேர். பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து 'பெல்வடியர்' வந்தது. இடையில் 1866 முதல் 1874 வரை நிறுத்தம். பிறகு மறுபடி தொடங்கி, 1911-ல் இந்திய அரசு நேட்டாலுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை மொத்தம் வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மதராஸ் துறைமுகத்தில் ஏறியவர்கள், அதாவது தமிழரும் தெலுங்கரும்.

அந்தக் காகிதம் சொன்னது சுருக்கமாக இதுதான்: ஐந்து ஆண்டு ஒரே முதலாளியிடம் வேலை. முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங், அப்புறம் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். சோறும் தங்க இடமும் உண்டு. பத்து ஆண்டு இருந்தால் திரும்பக் கப்பல் இலவசம். காகிதத்தில் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் கடமை எழுதியிருக்கிறது. ஆனால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே தண்டனை இல்லை. இந்தச் சொல்லை நேட்டாலில் வைத்துப் புரிந்துகொள்ள இந்த ஓர் இடம் தெளிவானால் போதும். அதற்குப் பாலசுந்தரத்தின் கதையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

1894. காந்தி டர்பனில் வக்கீல் தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு தமிழர் அழுதுகொண்டு அவர் முன்னால் வந்து நின்றார். கந்தல் துணி, கையில் கழற்றிய தலைப்பாகை, வாயிலிருந்து ரத்தம். முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. முதலாளி அடித்திருந்தார். காந்தியின் தமிழ்க் குமாஸ்தா மூலமாகத்தான் விவரமே தெரிந்தது. டர்பனில் பேர்பெற்ற ஒரு வெள்ளைக்காரரிடம் பாலசுந்தரம் தன் இன்டென்ச்சரைக் கழித்துக்கொண்டிருந்தார். காந்தி அவரை டாக்டரிடம் அனுப்பிச் சான்று வாங்கி, மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். மாஜிஸ்திரேட் கோபப்பட்டு முதலாளிக்குச் சம்மன் அனுப்பினார்.

காந்தி முதலாளியைத் தண்டிக்க விரும்பவில்லை, பாலசுந்தரத்தை விடுவிக்க விரும்பினார். அப்போதுதான் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கிறார். சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால் முதலாளி சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். இன்டென்ச்சரில் இருக்கும் ஆள் போனால் அது குற்றம், சிறை. மிஞ்சியது இரண்டு வழி: இந்தத் தொழிலாளர்களுக்கென்று இருந்த 'ப்ரொடெக்டர்' என்ற அதிகாரி இன்டென்ச்சரை ரத்து செய்ய வேண்டும் அல்லது வேறொருவருக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் முதலாளியே விட்டுக்கொடுக்க வேண்டும். கடைசியில் வேறோர் ஐரோப்பியரைத் தேடிப் பிடித்து, அவர் பெயருக்கு மாற்றினார்கள்.

கவனியுங்கள். உடைந்த பல்லுக்கு நியாயம் கேட்டு வந்தவருக்குக் கிடைத்த அதிகபட்ச விடுதலை, 'டிரான்ஸ்ஃபர்'. ஐந்தாம் படியில் பாடமாக்கச் சொன்ன வினைச்சொல்லின் எடை இவ்வளவு. பல் வெட்டிலிருந்து பிறந்த ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லித் தரும்போது, இந்த மனிதரின் இரண்டு பற்களைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடிந்ததே இல்லை. அந்தப் பையன் கேட்டானே, படிக்கத் தெரியாதவர்களும் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா என்று. பழைய தோல் ஏட்டில் முடிந்திருக்கும். மதராஸில் கைநாட்டு வைத்தவர்களுக்கு, வாசித்துக் காட்டியவர் சொன்னதை நம்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

காலம் முடிந்தவர்கள் 'ஃப்ரீ இந்தியன்'. அந்த விடுதலைக்கும் விலை வைத்தார்கள். 1895-ல் சட்டம் போட்டு, ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்குகிறவர் ஆண்டுக்கு 3 பவுன் கட்ட வேண்டும் என்றார்கள். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங், முதல் ஆண்டுக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். பிறகு 16 வயதைக் கடந்த பையன்கள் மேலும் 13 வயதைக் கடந்த பெண்கள் மேலும் அதே வரி விழுந்தது. கட்ட முடியாதவர் ஊருக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். 'ரீ-இன்டென்ச்சர்' என்ற சொல்லை ஆவணங்களில் பார்க்கும்போதெல்லாம் இந்த வரியை நினைத்துக்கொள்ளுங்கள். சுந்தரர் கதையின் ஓலை பாட்டனோடு நிற்காமல் பேரனுக்கும் வந்தது போல, முதல் நாளும் கடைசி நாளும் உள்ள காகிதத்துக்கு இந்த வரி ஒரு பின்வாசல் திறந்துவிட்டது. 1913-ல் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் நம் மக்கள் வேலையை நிறுத்தியது இதற்காக. சிறையில் நோயுற்று வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மை அந்தப் போராட்டத்தின் பிள்ளை. அதே ஆண்டில் வரி நீங்கியது.

கூடவே இரண்டு பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். தன் செலவில் டிக்கெட் எடுத்து வந்தவர்கள் 'பாசெஞ்சர் இந்தியன்', பெரும்பாலும் குஜராத்தி வியாபாரிகள். உங்கள் குடும்பம் எந்த வகை என்று தெரியாமல் கட்டுரை எழுத உட்காராதீர்கள். அடுத்தது 'கிர்மிட்'. 'அக்ரிமென்ட்' என்பது இந்தி பேசும் மக்கள் வாயில் அப்படி ஆனது. அதிலிருந்து 'கிர்மிட்டியா'. இன்டென்ச்சர் என்று எழுதியிருப்பதையும் கிர்மிட் என்று பாட்டிகள் சொல்வதையும் வேறு வேறு என்று நினைக்க வேண்டாம்.

எட்டாம் படி: உங்கள் வீட்டு வரியைப் படிப்பது

கப்பல் பட்டியல் என்பது இன்டென்ச்சர் அல்ல, ஆனால் அதன் நிழல். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. இந்தப் பட்டியல்கள் பாதுகாக்கப்பட்டு, கணினியிலும் ஏற்றப்பட்டிருக்கின்றன. படிக்கும் முறை இது.

முதலில் எண்ணைப் பிடியுங்கள். 'கலோனியல் நம்பர்' என்று தலைப்பில் இருக்கும். பெயர் ஆயிரம் பேருக்கு ஒன்றாக இருக்கும், எண் ஒருவருக்குத்தான். பிற்காலத்துக் கல்யாணப் பதிவு, பிள்ளை பிறந்த பதிவு, விடுதலைச் சீட்டு எதிலாவது அந்த எண் இருந்தால் நூல் பிடித்து மேலே போகலாம். வீட்டில் பழைய காகிதம் தேடும்போது பெயரைத் தேடாதீர்கள், எண்ணைத் தேடுங்கள்.

அடுத்து பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி. பெயரை உரக்க வாசியுங்கள். தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியது அது, கண்ணால் படித்தால் பிடிபடாது. கவுண்டர் 'கவென்டர்' ஆனதும், முதலியார் 'மூட்லி' ஆனதும் இப்படித்தான். பிறகு ஊர் விவரம் மூன்று அடுக்காக இருக்கும்: 'ஸில்லா' என்பது மாவட்டம், அதற்குள் தாலுகா, அதற்குள் கிராமம். மாவட்டப் பெயரில் தொடங்கி உள்ளே போங்கள். 'சிங்கில்பட்' செங்கல்பட்டு, 'டாஞ்சூர்' தஞ்சாவூர், 'டிரிச்சினோபோலி' திருச்சிராப்பள்ளி. கிராமத்தை மட்டும் வைத்துத் தேடினால் அதே பெயரில் பத்து ஊர் வந்து நிற்கும்.

கடைசியில் உயரமும் உடல் அடையாளமும். பலர் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். போன ஆண்டு என் வகுப்புக்கு எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா வந்தார். பிள்ளைகள் அவரை ஆயா என்று கூப்பிடுவார்கள். பேரன் அச்செடுத்துக் கொடுத்த ஒரு வரியை நெகிழி உறையில் போட்டு, கைப்பைக்குள் பத்திரமாக வைத்திருந்தார். "தம்பி, இதுல என்ன போட்டிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க" என்றார். எண், பெயர், தகப்பன் பெயர், வட ஆர்க்காடு, ஊர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசிக் கட்டத்தில், இடது கணுக்காலில் தழும்பு என்று இருந்தது. அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. விரலை உறையின் மேல் அந்த இடத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "இது எப்படி வந்துச்சோ" என்றார் பிறகு. புகைப்படம் இல்லாத ஒருவரின் உடம்பைப் பற்றி அவர் குடும்பத்துக்கு மிஞ்சியிருப்பது அந்த இரண்டு மூன்று சொற்கள்தான்.

ஒன்பதாம் படி: தமிழில் எப்படி எழுதுவது

முழுமைக்கும் ஒரே சொல் போட முயலாதீர்கள். நிலத்துக்கு வந்தால் 'பத்திரம்'. பணச் சந்தைக்கு வந்தால் 'கடன் பத்திர உடன்படிக்கை'. தொழில் பழகுவதற்கு 'பயிற்சி ஒப்பந்தம்'. நேட்டாலுக்கு வந்தால், முறையைச் சொல்ல 'ஒப்பந்தக் கூலி முறை', ஆளைச் சொல்ல 'ஒப்பந்தத் தொழிலாளி'. 'கூலி' என்பது தமிழில் உழைப்புக்கான ஊதியம், நல்ல சொல். ஆனால் இந்த நாட்டில் அதை நம் முகத்தில் வசையாக எறிந்தார்கள். காந்தியையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். அதனால் முறையின் பெயரில் 'கூலி' இருக்கட்டும், மனிதரின் பெயரில் வேண்டாம் என்பது என் கருத்து. தமிழ்நாட்டு நூல்கள் 'ஒப்பந்தக் கூலிகள்' என்று எழுதுகின்றன. அங்கே அது உறுத்தாது. சாட்ஸ்வொர்த்தில் உறுத்தும்.

முதல் முறை வரும் இடத்தில் 'இன்டென்ச்சர்' என்ற சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதி, அது பல் வெட்டுப் பத்திரம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் நல்லது. பிறகு கட்டுரை முழுக்க 'ஒப்பந்தம்' என்றே எழுதலாம், வாசகர் வெட்டிய விளிம்பை மறக்க மாட்டார்.

நான் சொன்ன அந்த அம்மா அதற்குப் பிறகு வகுப்பை விடவில்லை. மெய்யெழுத்துப் புள்ளிகளில் இன்னும் தடுமாறுகிறார். ஆனால் போன மாதம் நோட்டின் முதல் பக்கத்தில் பென்சிலால் கலோனியல் நம்பரை எழுதி, அதன் கீழே அந்தப் பெயரைத் தமிழில் எழுதினார். பட்டியலில் எழுத்தர் 'மொன்யம்மா' என்று படிக்கும்படி எழுதியிருந்ததை, ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்லி, 'முனியம்மா' என்று எழுதி முடித்து, நோட்டை என் பக்கம் திருப்பினார். புள்ளி ஒன்று விடுபட்டிருந்தது. அதை வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.